இரண்டு பேருக்கும் ஓம் சொன்னேன்

பிள்ளை,

நீ திருகோணமலையில் பயிற்சி முடித்து வரும்போது இந்தக் கடிதம் உன் மேசையில் இருக்கும். பிரதேச சபைக்குப் புதிதாகத் தெரிவானவர்களுக்குக் கூட்டம் நடத்தும் முறை, வாக்கெடுக்கும் முறை எல்லாம் அங்கே சொல்லித் தந்திருப்பார்கள். எனக்கு அதெல்லாம் தெரியாது. எனக்குத் தெரிந்தது எங்கள் ஒழுங்கை என்கிற இந்தச் சின்னத் தெருவும் அதில் இருக்கிற சனமும்தான். நீ வேட்புமனுவில் கையெழுத்து வைப்பதற்கு முன்பே இதை எழுதியிருக்க வேண்டும். எழுதாமல் விட்டதற்குக் காரணம், நீ தெரிவாக மாட்டாய் என்று நான் உறுதியாக நம்பியதுதான். கோபிக்காதே. நம்பியது மட்டுமில்லை, சந்நிதி முருகனிடம் அப்படித்தான் கேட்டுக்கொண்டும் வந்தேன்.

நேரே சொல்லலாமே என்பாய். நேரே என்றால் நீ ஒன்றைக் கேட்பாய், நான் தலையாட்டி ஓம் என்பேன், கதை முடிந்துவிடும். முந்தாநாள் தொலைபேசியில் நடந்ததும் அதுதானே. "அம்மா, ஞாயிற்றுக்கிழமைக் கூட்டத்துக்கு நீங்களும் வரவேணும். வந்து வாய்க்கால் எங்காலை போனதெண்டு சொல்லவேணும். எங்கடை வாசல் படலையிலை நிண்டு பாத்தால் தெரியிற இடம். உங்களை விட்டால் ஆர் சொல்லுறது?" என்று கேட்டாய். நான் ஓம் என்றேன். "உது என்ன ஓம்?" என்று நீ சிரித்தாய். "ஓம் எண்டால் ஓம்தான். நீ சாப்பிட்டியோ?" என்று நான் கதையை மாற்றினேன்.

அன்று பின்னேரமே என் அண்ணை, உன் மாமா வந்தார். வழக்கமாக வாசலிலேயே "மெம்பர் அம்மா நிக்கிறாவோ? ஒரு கும்பிடு போட்டிட்டுப் போக வந்தனான்" என்று உன்னைப் பகிடி பண்ணிக்கொண்டுதான் வருவார். அன்றைக்குப் பகிடி இல்லை. கதிரையில் இருந்து, தேத்தண்ணியை ஆறவிட்டு, "தங்கச்சி, உன்ரை பெட்டை என்ரை மதிலைப் பற்றிக் கதைக்கக் கூட்டம் வைக்கிறாளாம்" என்றார். "மதிலைப் பற்றி இல்லை அண்ணை, வெள்ளத்தைப் பற்றி" என்றேன். "ரெண்டும் ஒண்டுதான் எண்டு உனக்கும் தெரியும், எனக்கும் தெரியும். சரி, அவள் சின்னப் பெட்டை, பதவி வந்த புதிசு, கதைக்கட்டும். நீ அந்தக் கூட்டத்துக்குப் போகமாட்டாய்தானே?" நான் ஓம் என்றேன். அவர் நிம்மதியாகத் தேத்தண்ணியைக் குடித்துவிட்டுப் போனார்.

இப்போது விளங்குகிறதா நான் எங்கே நிற்கிறேன் என்று? ஒரே நாளில், ஒரே சொல்லை, ஒன்றுக்கொன்று நேரெதிரான இரண்டு கேள்விகளுக்குச் சொல்லியிருக்கிறேன். இரண்டு பேரும் அதை நம்பிவிட்டீர்கள். ஞாயிற்றுக்கிழமை ஒருவரிடம் நான் பொய்க்காரி ஆகத்தான் வேண்டும்.

தொலைபேசியில் உன் அப்பாவிடம் சொன்னேன். வன்னியில் அவர் படிப்பிக்கிற பள்ளிக்கூடம் முடிந்து விடுதிக்கு நடந்து போகிற நேரம். "குடும்ப விசயம் எண்டால் அது நீரும் உம்மடை அண்ணையும். சபை விசயம் எண்டால் அது நீரும் மகளும். எனக்கு இதிலை இடமே இல்லையே" என்றார். பயத்தையும் பகிடியாகத்தான் சொல்வார் அந்த மனிதர். வெள்ளிக்கிழமை வந்ததும் முதல் வேலையாக உன் மோட்டார் சைக்கிளின் பிறேக்கைப் பார்க்கப்போகிறாராம். அவர் எவ்வளவு யோசிக்கிறார் என்பது அதிலேயே தெரிந்துவிட்டது.

எங்கள் ஓமைப் பற்றி உனக்குச் சொல்ல வேண்டும். நீ அதைப் பகிடி பண்ணுகிறாய், அது எங்கிருந்து வந்ததென்று உனக்குத் தெரியாது. நான் பள்ளிக்கூடம் போன காலத்தில் வாசலில் வந்து நின்று கேள்வி கேட்டவர்கள் எல்லோரிடமும் தோளில் தொங்கும் துவக்கு இருந்தது. இந்தப் பக்கத்தார், அந்தப் பக்கத்தார் என்று ஆள் மாறும், கேள்வி மாறும், எங்கள் பதில் மாறாது. ஓம். அதற்கு "சம்மதம்" என்று பொருள் இல்லை. "நீங்கள் சொன்னது காதில் விழுந்தது, இனிப் போங்கோ" என்று பொருள். ஓம் சொன்னால் போய்விடுவார்கள். ஏன் என்று கேட்டால் நிற்பார்கள். நிற்காமல் போகச்செய்வதுதான் அன்றைக்கு எங்களுக்குத் தெரிந்த ஒரே கெட்டித்தனம். துவக்குகள் போன பிறகும் வாய் அதே பழக்கத்தில் நின்றுவிட்டது.

பிறகு வந்த தொண்டு நிறுவனத்தாரிடம் வெண்பலகையும் கலர் மட்டைகளும் இருந்தன. நீ அப்போது கொட்டில் பள்ளிக்கூடத்துக்குப் போய்க்கொண்டிருந்தாய், பாடம் முடிந்ததும் என் மடியில்தான் இருப்பாய். சனசமூக நிலையத்துக்கு வெளியே "மக்கள் பங்கேற்புத் திட்டமிடல்" என்று பெரிய பதாகை கட்டினார்கள். எங்களுக்கு என்ன தேவை என்று மட்டைகளில் எழுதி ஒட்டச் சொன்னார்கள். நான் பட்டதாரி என்பதால் எல்லோருக்கும் எழுதிக்கொடுக்கும் வேலை எனக்கு. ஒழுங்கையின் பள்ளமான, தாழ்ந்த பக்கத்துச் செல்வமக்கா "வெள்ளவாய்க்காலைத் துப்புரவாக்கித் தரவேணும்" என்று எழுதச் சொன்னாள். அவளைப் பார்த்து மற்றவர்களும் அதையே சொன்னார்கள். சுவர் முழுக்க வாய்க்கால். வந்த பிள்ளை அந்த மட்டைகளை நெடுநேரம் பார்த்துவிட்டு, மெல்லிய குரலில், "இது கோழி வளர்ப்புத் திட்டம், அம்மா. கோழிக்கூடு சரிதானே?" என்று கேட்டது. நாங்கள் எல்லோரும் ஓம் என்றோம். அந்தப் பிள்ளையின் முகத்தைப் பார்க்கப் பாவமாக இருந்தது. செல்வமக்கா வீட்டுக்கு வரும் வழியில், "அடுத்த மழைக்குக் கோழியளுக்கு நீந்தப் பழக்க வேணும்" என்றாள். ஒழுங்கை முழுக்கச் சிரித்துக்கொண்டு வந்தோம். சிரித்ததோடு எங்கள் பங்கேற்பு முடிந்தது.

உன் பெயர் வேட்பாளர் பட்டியலில் ஏறியதும் இப்படித்தான். பெண்களுக்கான இடத்துக்கு ஆள் தேடி வந்தவர்கள் "உங்கடை மகள் படிச்ச பிள்ளை, கதைக்கத் தெரிஞ்ச பிள்ளை, கேட்டுப் பாப்பமோ?" என்றார்கள். நான் ஓம் என்றேன், அவர்கள் தேத்தண்ணி முடித்துப் போகட்டும் என்று. பின்னேரம் நீ வந்து, "அம்மாவே ஓம் எண்டவ எண்டு சொல்லுகினம், பிறகென்ன?" என்று துள்ளினாய். இல்லை என்று சொல்ல எனக்கு வாய் வரவில்லை.

போன வருடம் ஒழுங்கை திருத்துவதற்கு வைத்த கூட்டத்துக்கு நீ வரவில்லை, அப்போது நீ சோதனை எழுதிக்கொண்டிருந்தாய். வந்திருந்தால் நான் இவ்வளவு எழுதத் தேவையில்லை. தொழில்நுட்ப உத்தியோகத்தர் ஒருவர் வந்தார். எங்கள் பக்கத்துப் பிள்ளைதான், நல்ல பிள்ளை, அடுத்த ஊரில் இன்னொரு கூட்டம் இருந்ததால் அவசரத்தில் நின்றார். "ஒழுங்கையை உயர்த்திக் கொங்கிறீற்றுப் போடப்போறம். விளங்குதோ?" ஓம். "ஒழுங்கையிலை தண்ணி நிக்காது. சந்தோசம்தானே?" ஓம். "பழைய வாய்க்கால் இப்ப பாவனையிலை இல்லைத்தானே?" ஓம். அந்தக் கடைசி ஓமை யார் சொன்னார்கள் என்று கேட்டால் எல்லோரும் சொன்னோம். இல்லை என்பதற்கு ஓமா, இருக்கிறது என்பதற்கு ஓமா என்று ஒருவரும் யோசிக்கவில்லை. மக்களின் ஏகமனதான சம்மதத்துடன் என்று எழுதிக்கொண்டு போனார். அவருக்கும் தெரியும் அது என்ன ஓம் என்று. அவருடைய தாயும் வீட்டில் அப்படித்தான் சொல்லுவா. ஆனால் அன்றைக்கு அவருக்கு ஒரு ஓம் தேவைப்பட்டது, எங்களிடம் தாராளமாக இருந்தது.

வாய்க்கால் பாவனையில் இல்லாமல் போனது ஏன் என்று அங்கே இருந்த எல்லோருக்கும் தெரியும். கோயில் றோட்டில் இருந்து வருகிற மழைத்தண்ணீர் எங்கள் படலையடியில் திரும்பி, மாமாவின் வேலியோரமாகக் குளத்துக்குப் போகும். உன் மச்சாளுக்கென்று முன்கூட்டியே சீதன வீடு கட்டியபோது மாமா வேலியை எடுத்துவிட்டு மதில் கட்டினார். கார் திரும்ப இடம் போதாதென்று மதிலை வாய்க்காலுக்கு அங்காலே தள்ளிக் கட்டினார். வாய்க்கால் உள்ளே போனது, மண் நிரம்பியது, இப்போது மேலே குரோட்டன் செடிகள் நிற்கின்றன. மண் கொண்டுவந்து கொட்டியவர்களுக்குத் தேத்தண்ணி ஊற்றிக்கொடுத்தது நான். முதலில் வாய்க்கால் போனது, பிறகு ஒழுங்கை உயர்ந்தது. கார்த்திகை மழைக்குத் தண்ணீர் எங்கே போகும்? தாழ்ந்த பக்கத்து வீடுகளுக்குள் போனது. செல்வமக்கா அடுப்பைக் கட்டிலில் ஏற்றிச் சமைத்தாள். விதைக்கென்று பிடி பிடியாகக் கட்டித் தூக்கியிருந்த வெங்காயம் ஈரம் ஏறி அழுகிப்போனது. நான் சோறு கொண்டுபோனபோது அவள் கட்டிலில் காலைத் தூக்கிவைத்துக்கொண்டு இருந்தாள். "ஆரை ஏசுறது, பிள்ளை? நானும்தானே ஓம் எண்டனான்" என்றாள். நான் தண்ணீருக்குள் நின்றபடி சோற்றைக் கட்டிலில் வைத்தேன்.

நீ சபைக்குப் போனதும் முதல் வேலையாக அந்த வீடுகளுக்குப் போனாய். நான் பெருமைப்படவில்லை, பயந்தேன். முகநூலில் உன் படத்தின் கீழே "பள்ளிக்கூடப் பிள்ளையைச் சபைக்கு அனுப்பியிருக்கினம், வாய்ப்பாடு கேட்டுப் பாருங்கோ" என்று ஒருவன் எழுதியிருந்தான். நீ சிரித்துவிட்டுத் தள்ளினாய். நான் அதற்குக் கீழே எழுதியிருந்ததையும் வாசித்தேன். அதை இங்கே எழுத மாட்டேன். நீ வீட்டுக்கு வருகிற ஒவ்வொரு பின்னேரமும் மோட்டார் சைக்கிள் சத்தம் ஒழுங்கை முடக்கில் கேட்கும்வரை நான் கறியில் உப்புப் போட்டேனா இல்லையா என்று எனக்கே தெரியாது. உன்னைப் பெற்றபோது எனக்குப் பத்தொன்பது வயது. இன்றைக்கும் கடையில் "தங்கச்சியோ?" என்று கேட்கிறார்கள். பிள்ளை வளர்க்கப் பழகுவதற்கு முன்பே பிள்ளை வளர்ந்துவிட்டது. அதனால்தானோ என்னவோ, மற்றத் தாய்மார் பயந்து முடித்ததை எல்லாம் நான் இப்போதுதான் பயந்துகொண்டிருக்கிறேன்.

நீ வைத்திருக்கிற புதுச் சட்டத்தைச் செல்வமக்காதான் எனக்குச் சொன்னாள். ஞாயிற்றுக்கிழமைக் கூட்டத்தில் வெறும் ஓம் செல்லாதாம். எதற்கு ஓம் என்று முழுதாகச் சொல்ல வேண்டுமாம். "நல்ல சட்டம்தான். என்னைப் பொம்பிளை பாக்க வந்தவை தேத்தண்ணி குடிப்பமோ எண்டு கேட்டவை. நான் ஓம் எண்டன். கலியாணத்தைப் பேசி முடிச்சிட்டினம். உன்ரை பெட்டை அண்டைக்கு இருந்திருந்தால் நான் தப்பியிருப்பன்" என்றாள். சிரித்து முடித்துவிட்டு வீட்டுக்கு வந்தபோதுதான் அந்தச் சட்டம் எனக்கும் பொருந்தும் என்று உறைத்தது.

கூட்டம் நடத்த உனக்கு நான் சொல்லித்தர வேண்டியதில்லை. ஆனாலும் ஓம் சொல்லிப் பழகிய ஒருத்தி சொல்வதைக் கேள். காலையில் வைக்காதே. செல்வமக்காவும் மற்றவர்களும் ஞாயிற்றுக்கிழமையும் வெங்காயம் பிடுங்கப் போவார்கள், வெயில் தாழ்ந்து முகம் கழுவிக்கொண்டு வர நேரம் விடு. வராதவர்களுக்கு அக்கறை இல்லை என்று நினைக்காதே, அன்றைய கூலியை விட்டுவிட்டு வரச்சொல்ல எங்களுக்கு உரிமை இல்லை. முன்வரிசைக் கதிரைகளை எடுத்துவிடு, அவற்றைப் போட்டால் யார் இருப்பார்கள் என்று உனக்குத் தெரியும். மைக்கைக் கொடுத்துவிட்டு "கதையுங்கோ" என்றால் எங்கள் பெண்கள் அதைப் பக்கத்து ஆளிடம் தள்ளிவிடுவார்கள். மைக் வேண்டாம். சம்மதமா, விளங்குதா என்று கேட்கவே கேட்காதே. "உங்கடை வீட்டிலை தண்ணி எதுவரைக்கும் வந்தது?" என்று கேள். அதற்கு ஒருவராலும் ஓம் சொல்ல முடியாது. முழங்காலைக் காட்டுவார்கள், இடுப்பைக் காட்டுவார்கள், அடுப்பு மிதந்த கதையைச் சொல்லத் தொடங்குவார்கள். தொடங்கினால் விடு, இடையில் புகுந்து சுருக்கிச் சொல்லாதே. படித்தவர்களுக்கு அந்தப் பழக்கம் உண்டு. மட்டையில் எழுதும்போது நானும் அப்படித்தான் சுருக்கினேன்.

மாமாவைக் கூட்டத்திலும் மாமா என்றே கூப்பிடு. "மேற்படி காணி உரிமையாளர்" என்று கடுதாசியில் எழுதலாம், வாயால் சொல்லாதே. சண்டையில் இடம்பெயர்ந்து தென்மராட்சிக்குப் போன அந்த மழையில் என்னைச் சைக்கிள் கரியரில் இருத்தி, உரப்பையால் மூடி, தான் நனைந்து உழக்கிக்கொண்டு போனவர் அவர். தகப்பன் இல்லாத எனக்குக் கலியாணம் முடித்துவைக்கும்வரை தன் கலியாணத்தைத் தள்ளிப்போட்டார். உன்னை வயிற்றில் வைத்துக்கொண்டு நான் பல்கலைக்கழகம் போகப்போகிறேன் என்றபோது ஊரெல்லாம் சிரித்தது, அவர்தான் தினம் கொண்டுபோய் விட்டார். அவரை நீ ஒரு மதிலாக மட்டும் பார்த்துவிடாதே. செல்வமக்காவின் வீட்டுக்குள் வந்த தண்ணீரையும் மறந்துவிடாதே. இரண்டையும் ஒன்றாக நினைத்தால் பாரமாக இருக்கும். இருக்கட்டும், எனக்கும் பாரம்தான்.

பயத்தில் ஒரு யோசனையும் வந்தது, அதையும் மறைக்கவில்லை. ஞாயிற்றுக்கிழமை எனக்குக் காய்ச்சல் என்று சொல்லிப் படுத்துவிடலாம். மாமாவுக்கும் நல்லவள், உனக்கும் பெரிய குற்றவாளி இல்லை. எல்லாம் ஒழுங்காக நடக்கும், நீ மட்டும் ஆளில்லாமல் நிற்பாய். "வாய்க்கால் எங்கை இருந்தது? ஆர் கண்டது?" என்று ஒருவர் கேட்க, கண்டவர்கள் எல்லோரும் நிலத்தைப் பார்ப்பார்கள். உன் தாயே வராத கூட்டத்தில் அவர்கள் ஏன் வாய் திறக்க வேண்டும்? அதை நினைத்த பிறகு படுக்க முடியவில்லை.

இன்று காலை மாமா வீட்டுக்குப் போனேன். குரோட்டனுக்குத் தண்ணீர் விட்டுக்கொண்டு நின்றார்.

"அண்ணை, ஞாயிற்றுக்கிழமை நான் கூட்டத்துக்குப் போறன்."

"போகமாட்டன் எண்டு சொன்னனியெல்லே?"

"நான் ஓம் எண்டனான். அது பிழை. இப்ப முழுசாச் சொல்லுறன். போறன், போய்க் கதைப்பன்."

"என்னத்தைக் கதைக்கப் போறாய்?"

"வாய்க்கால் உங்கடை மதிலுக்குள்ளை கிடக்கெண்டு."

தண்ணீர் ஒரே செடியில் விழுந்துகொண்டிருந்தது. "மதிலை உடைக்கச் சொல்லுவியோ?"

"அதைச் சொல்ல எனக்குத் தெரியாது, அண்ணை. எங்காலை போனதெண்டு மட்டும்தான் தெரியும். மதிலுக்குக் கீழாலை குழாய் விடலாமோ, ஒழுங்கையின்ரை உயரத்தைக் குறைக்கலாமோ, சனம் இருந்து கதைக்கட்டும். நீங்களும் வாங்கோ. வந்து உங்கடை நியாயத்தையும் சொல்லுங்கோ."

"என்ரை தங்கச்சி என்னைச் சபையிலை கொண்டுபோய் நிப்பாட்டுறாள்."

"சபையிலை இல்லை, சனசமூக நிலையத்திலை" என்றேன். பயத்தில் வாயில் வந்தது அதுதான். அவர் சிரிக்கவில்லை.

"பிறகு ஏன் இஞ்சை வந்து சொல்லுறாய்?"

"அங்கை வைச்சு நீங்கள் முதல்முதலாக் கேக்கக்கூடாது எண்டு."

அவர் குழாயைப் பூட்டினார். உள்ளே போனார். மாமி குசினி யன்னலில் நின்று என்னைப் பார்த்தா, பிறகு அவவும் விலகிவிட்டா. அந்த வீட்டில் இருந்து தேத்தண்ணி குடிக்காமல் நான் வெளியே வந்தது இதுதான் முதல் தடவை. அவர் கூட்டத்துக்கு வருவாரா என்று எனக்குத் தெரியாது. உன் கலியாணத்துக்கு வருவாரா என்றும் தெரியாது. தாய்மாமன் இல்லாத மணவறையை நினைத்துப் பார்க்கிற அளவுக்கு என் மனம் ஓடிவிட்டது. உனக்கு மாப்பிள்ளையே பார்க்கவில்லை என்பது வேறு கதை.

உன்னிடம் ஒன்றே ஒன்று கேட்கிறேன். ஞாயிற்றுக்கிழமை என்னை முதலாவதாகக் கூப்பிடு. கடைசிக்கு வைக்காதே. நேரம் போகப் போக நான் அண்ணையின் முகத்தைப் பார்த்துக்கொண்டிருப்பேன். அவர் வராவிட்டால் அந்த வெறுங்கதிரையைப் பார்த்துக்கொண்டிருப்பேன், அது இன்னும் மோசம். எழும்பி நிற்கும்போது எனக்குக் குரல் அடைத்தாலும், வசனம் பாதியில் நின்றாலும் உதவிக்கு வராதே. "அம்மா என்ன சொல்லுறா எண்டால்" என்று எனக்காகச் சொல்லத் தொடங்காதே. நீ அங்கே சபையின் உறுப்பினர், நான் அந்த ஒழுங்கையில் குடியிருக்கிற ஒருத்தி. கொஞ்ச நேரம் எடுக்கும். நான் சொல்லி முடிக்கும்வரை பார்த்துக்கொண்டிரு.

அம்மா